மெய்யில் நிற்கும் சொல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் எழுதும் சிறுகதையில் திக்கிப் பேசும் ஒருவன் வருகிறான். 'க... க... கதவு' என்று அவன் வசனம் முழுக்க எழுதினால் வாசகர்களுக்குச் சலித்துவிடுமா? எத்தனை இடத்தில் போடலாம்? சின்ன வயதில் பயந்ததால் திக்கல் வந்ததாக ஒரு சம்பவமும் வைத்திருக்கிறேன்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்தச் சம்பவத்தை முதலில் வெட்டுங்கள். குழந்தைப் பருவத் திக்கலுக்கு மரபணுவும் மூளை பேச்சை ஒருங்கிணைக்கும் விதமும் காரணம். பயம் பிறகு வந்து ஒட்டிக்கொள்வது. எத்தனை இடம் என்பதெல்லாம் அப்புறம்.

அந்தப் புள்ளிகளைப் பற்றித்தான் ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருந்தேன். 'க... க...' என்பது கேட்பவர் காதில் விழுவது. திக்குபவர் பல சமயம் 'க'வை எட்டுவதே இல்லை, 'க்'கிலேயே நின்றுவிடுகிறார். மெய் வந்துவிட்டது, உயிர் வந்து சேரவில்லை. வெளியே சத்தமே கிடையாது. தாடை இறுகுகிறது, இமை துடிக்கிறது. அதை எத்தனை புள்ளி வைத்து எழுதுவீர்கள்? ஜப்பானிய எழுத்தாளர் யுகியோ மிஷிமாவின் 'பொற்கோயில்' நாவலில் (1956) திக்கிப் பேசும் இளைஞன், முதல் ஒலியைத் தன் உள்ளுலகுக்கும் வெளியுலகுக்கும் நடுவிலுள்ள கதவின் சாவி என்கிறான். அவன் சாவி துருப்பிடித்தது. அவன் கதவுக்கு உள்ளே நிற்கிறான். நீங்களோ வெளியே நின்று புள்ளி எண்ணுகிறீர்கள். ஆங்கில எழுத்தாளர் சாமர்செட் மாமுக்குத் திக்கல் உண்டு. 1915இல் தன் வாழ்க்கையை ஒட்டி நாவல் எழுதியபோது நாயகனுக்குத் திக்கலைக் கொடுக்கவில்லை, வளைந்த பாதத்தைக் கொடுத்தார். அனுபவித்தவரே அப்படித் தயங்கிய இடத்தில் உங்களுக்கு ஏன் இவ்வளவு அவசரம்?

என் நண்பன் ஒருவனுக்குக் 'கதவு' வராது. வராதென்று நாலு சொல் முன்னாலேயே தெரிந்துவிடும். 'வாசல்ல யாரோ தட்டுறாங்க' என்று மாற்றிவிடுவான். கேட்பவர்களுக்கு அவன் திக்குவதே தெரியாது. பேசும் நேரமெல்லாம் அவன் தலைக்குள் ஒரு நிகண்டு புரண்டுகொண்டிருந்தது. உங்கள் கதையில் வர வேண்டியது அந்த வேலைதான்.

ஆனால் சொந்தப் பெயருக்கு மாற்றுச் சொல் ஏது? அவன் பெயரும் 'க'வில்தான் தொடங்கும். ஒருமுறை அவனோடு மருத்துவமனைக்குப் போயிருந்தேன். பதிவு செய்யும் இடத்தில் பெயர் கேட்டார்கள். வாயைத் திறந்தான். பின்னால் வரிசை நின்றது. கேட்டவர் பேனாவை மேஜையில் இரண்டு தட்டுத் தட்டினார். 'ரவி' என்றான்.

அரை மணி நேரம் கழித்து 'ரவி' என்று கூப்பிட்டார்கள். யாரோ என்று நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். அவன் எழுந்து போனான். மருந்துச் சீட்டிலும் ரவிதான்.