கனடாவில் பிஆரோடு (நிரந்தர வதிவுரிமையோடு) இருப்பதா, குடியுரிமை எடுப்பதா?

கேள்வி: அண்ணா, பிஆர் அட்டை அடுத்த மாதம் காலாவதியாகிறது. அம்மாவைப் பார்த்துக்கொள்ள இரண்டு வருடம் ஊரில் இருந்துவிட்டேன். பிஆர் போய்விடுமா?

பதில்: அட்டை காலாவதியாவதால் பிஆர் போகாது. நாள்கணக்குதான் முக்கியம்: கடந்த 5 வருடத்தில் 730 நாள் கனடாவில் இருந்திருக்க வேண்டும். மீதி மூன்று வருடமும் இங்கேதான் என்றால் பயமே வேண்டாம். பாஸ்போர்ட் முத்திரைகளை வைத்து எண்ணிப் பாருங்கள். அட்டையைப் புதுப்பித்த பிறகு பயணம் கிளம்புங்கள்.

கேள்வி: குடியுரிமை எடுத்தால் தமிழ்நாட்டில் உள்ள வயல் கைவிட்டுப் போகும் என்கிறார்களே?

பதில்: போகாது. அங்கே குடியிருந்தபோது வாங்கியதும் பரம்பரையாக வந்ததும் உங்களுடையதுதான். புதிதாக விவசாய நிலம் வாங்க முடியாது என்பது உண்மை. ஆனால் அந்தத் தடை என்ஆர்ஐயான (வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமகனான) உங்களுக்கு இப்போதே இருக்கிறது! எனவே வயலை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

இழப்பு வேறு இடத்தில். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. இங்கே சத்தியப்பிரமாணம் எடுத்த அன்றே இந்தியக் குடியுரிமை முடிந்துவிடும். ஓட்டும் அரசு வேலையும் அதோடு போகும். வெளிநாட்டுக் குடிமக்களாகிவிட்ட இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டை எடுத்தால் விசா தொல்லை தீரும், அவ்வளவுதான். பிள்ளையை அங்கே மருத்துவம் படிக்க வைக்கும் எண்ணமுண்டா? 2021 மார்ச் 4 அறிவிக்கைக்குப் பிறகு ஓசிஐ பெறும் பிள்ளைக்கு என்ஆர்ஐ இடங்களும், வழக்கமான எண்ணிக்கைக்கு மேல் ஒதுக்கும் கூடுதல் இடங்களும் மட்டுமே. திரும்பிப்போகும் திட்டம் உறுதியாக இருந்தால் பிஆரோடு இருங்கள். இல்லையென்றால் தயங்காமல் விண்ணப்பியுங்கள்.

கேள்வி: வேலை, வைத்தியம் எல்லாம் பிஆரிலேயே கிடைக்கிறதே?

பதில்: கிடைக்கிறது. ஆனால் பிஆர் பறிபோகக் கூடியது. குடித்துவிட்டு வண்டி ஓட்டிய குற்றம் நிரூபணமானால், அபராதத்தோடு விட்டாலும், 2018 டிசம்பர் முதல் நாடுகடத்தும் உத்தரவுவரை போகலாம்.

கேள்வி: அகதியா வந்து பிஆர் எடுத்தனான். தங்கச்சியின்ர கலியாணத்துக்கு யாழ்ப்பாணம் போக இலங்கைப் பாஸ்போர்ட் எடுக்கலாமோ?

பதில்: தயவுசெய்து எடுக்காதீர்கள். அந்த நாட்டுப் பாஸ்போர்ட்டில் அங்கே போய்வந்தால், இனி உங்களுக்குப் பாதுகாப்புத் தேவையில்லை என்று அரசு வாதிடலாம். தீர்ப்பு அப்படி வந்தால், 2012 டிசம்பர் சட்டமாற்றத்தின்படி பிஆரும் சேர்ந்தே போகும். எத்தனை வருடம் இங்கே வாழ்ந்திருந்தாலும் விதிவிலக்கு இல்லை. உங்களுக்குக் குடியுரிமைதான் ஒரே காப்பு. 5 வருடத்தில் 1095 நாள் வேண்டும். அகதியாக ஏற்கப்பட்டபின் பிஆர் கிடைக்கும்வரை இருந்த நாட்கள் அரை நாளாக, 365 வரை சேரும். குடியுரிமை கிடைக்குமுன் கலியாணம் நடந்துவிட்டால், பிறகு மூன்றாவது நாடொன்றில் தங்கச்சியைச் சந்தியுங்கள். கனடா தரும் அகதிப் பயண ஆவணம் அதற்கு உதவும்.