உலகிலேயே அதிகக் கிளைகள் கொண்ட கன்வீனியன்ஸ் ஸ்டோர் எது?

செவன் இலெவன். உலகம் முழுக்க 80,000-க்கும் மேல் கடைகள். மெக்சிகோவின் ஆக்ஸோவுக்கு 20,000-க்கு மேல். ஜப்பானின் ஃபேமிலிமார்ட், லாசன் இரண்டும் செவன் இலெவனுக்கு வெகு கீழே.

கன்வீனியன்ஸ் ஸ்டோர் என்றால், வீட்டுக்குப் பக்கத்தில் நெடுநேரம் திறந்திருக்கும் சின்னக் கடை. மாதச் சாமான் வாங்கும் இடமல்ல; பசித்தால், குடை மறந்தால் ஓடிப்போய் வாங்கும் இடம். ஜப்பானில் இதைக் 'கொன்பினி' என்கிறார்கள். அங்கே மட்டும் செவன் இலெவனுக்கு 21,000-க்கும் மேல் கடைகள். முதல் கடை 1974-இல் டோக்கியோவில் திறந்தது.

இவ்வளவு பெருகியது எப்படி? பெரும்பாலான கடைகளை உள்ளூர்க்காரர்கள் உரிமம் எடுத்து நடத்துகிறார்கள். அப்புறம், கடைகளை ஒரே வட்டாரத்தில் நெருக்கமாக வைக்கிறார்கள். பால்காரருக்கு ஒரே தெருவில் இருபது வீடு கிடைத்தால் எவ்வளவு சுலபம்! அதே கணக்குதான். ஒரே வண்டி பல கடைகளுக்கு ஒரு நாளில் பலமுறை போய்வர முடிகிறது. அதனால்தான் சின்ன அலமாரியிலும் ஓனிகிரி சோற்றுருண்டை புதிதாகவே இருக்கிறது. அதைச் சுற்றும் கடற்பாசித் தாள் நமுத்துப்போகாமலிருக்க, சோற்றுக்கும் தாளுக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் உறை வைக்கிறார்கள். பிரிக்கும்போது உறை உருவி வந்துவிடும், தாள் மொறுமொறுப்பாகச் சோற்றில் ஒட்டும். எனக்கு மிகவும் பிடித்த யோசனை இது.

செவன் இலெவனை அமெரிக்க நிறுவனம் என்றே பலர் நினைக்கிறார்கள். 1927-இல் டல்லஸில் ஐஸ் விற்ற இடத்தில் பிறந்தது உண்மைதான், ஆனால் 2005 முதல் அது முழுக்க ஒரு ஜப்பானிய நிறுவனத்தின் கையில் இருக்கிறது.