பழைய கணினிக்கு எந்த இயங்குதளம்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மடிக்கணினி 2016-இல் வாங்கியது. ஆறாம் தலைமுறை கோர் ஐ5, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 10 ஓடுகிறது. விண்டோஸ் 11-க்கு மாறப் பார்த்தால் தகுதியில்லை என்கிறது. இனி இதை ஓரங்கட்ட வேண்டியதுதானா?

பதில்: வேண்டாம். உங்கள் கணினியில் உண்மையில் வயதானது ஹார்ட் டிஸ்க் ஒன்றுதான். எழுத, படிக்க, இணையம் பார்க்க, கணக்கு வைக்க அந்தச் செயலி இன்னும் பல ஆண்டுகளுக்குப் போதும்.

விண்டோஸ் 11 மறுப்பதற்குக் காரணம் வேகக் குறைவு இல்லை. இன்டெல் செயலி என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் மைக்ரோசாஃப்ட்டின் பட்டியலில் இருக்கிறது. அதோடு டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும், தொடங்கும்போதே நம்பகமான மென்பொருளை மட்டும் அனுமதிக்கும் யுஇஎஃப்ஐ செக்யூர் பூட்டும் வேண்டும். ஆறாம் தலைமுறைக் கணினிகள் பலவற்றில் டிபிஎம் 2.0 இருந்தும் செயலி பட்டியலில் இல்லாததால் கதவு மூடிவிடுகிறது.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 14 அக்டோபர் 2025-உடன் நின்றன. வீட்டுப் பயனர்களுக்கு நீட்டிப்புத் திட்டம் ஒன்றை 13 அக்டோபர் 2026 வரை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அதில் சேர, கணினியில் விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22ஹெச்2 இருக்க வேண்டும். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே பதிவு செய்யலாம். இதை நிரந்தரத் தீர்வாக எண்ணாதீர்கள். நிதானமாக வேறு ஏற்பாடு செய்துகொள்ளக் கிடைக்கும் அவகாசம், அவ்வளவுதான்.

அந்த வேறு ஏற்பாடு எது என்பதை நீங்கள் தினமும் திறக்கும் மென்பொருள்களே சொல்லும். ஒரு வாரம் குறித்து வையுங்கள். பிரவுசர், மின்னஞ்சல், ஆவணங்கள், பாட்டு, படம் என்று பட்டியல் முடிந்தால் லினக்ஸ் மின்ட் 22 என்னும் இலவச இயங்குதளம் தாராளமாகப் போதும். அதற்கு 2029 ஏப்ரல் வரை திருத்தங்கள் வரும். விண்டோஸில் மட்டுமே ஓடும் கணக்கு மென்பொருளோ, டிஜிட்டல் கையெழுத்துக்கான யுஎஸ்பி டோக்கனோ, அடோபி மென்பொருளோ பட்டியலில் இருந்தால் நிலைமை வேறு. ‘வைன் போட்டு ஓட்டிவிடலாம்’ என்பார்கள்; விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் கருவி அது. சில ஓடும், ஆனால் டோக்கன், பழைய அச்சுப்பொறி போன்ற சாதனங்களை நேரடியாகத் தொடும் மென்பொருள்கள் வைனில் அடிக்கடி சிக்கிக்கொள்ளும். பிழைப்பு அந்த ஒரு மென்பொருளை நம்பி இருந்தால் அதற்கென விண்டோஸ் ஒன்றை வைத்துக்கொண்டு, மற்ற வேலைகளை லினக்ஸுக்கு மாற்றுங்கள்.

கேள்வி: நிறுவல் யுஎஸ்பி தயாரிக்கும் ரூஃபஸ் மென்பொருள் மூலம் தகுதிச் சோதனையைத் தாண்டி விண்டோஸ் 11 நிறுவலாம் என்கிறார்களே?

பதில்: முடியும். யுஎஸ்பி தயாரிக்கும்போதே டிபிஎம், செக்யூர் பூட், 4 ஜிபி ராம் நிபந்தனைகளை நீக்கும் பெட்டியை ரூஃபஸ் காட்டும். மாதாந்திரத் திருத்தங்களும் பொதுவாக வந்துவிடும். ஆண்டுக்கு ஒரு முறை வரும் பெரிய பதிப்புதான் தானாக வராது. ஹோம் வகையில் ஒவ்வொரு பதிப்புக்கும் 24 மாதங்களே ஆதரவு. எனவே புதிய பதிப்பை நீங்களே இறக்கி மேலே நிறுவிக்கொண்டிருக்க வேண்டும். இதை மறக்காமல் செய்யக்கூடியவர் என்றால் செய்யுங்கள். வயதான பெற்றோரின் கணினியில் செய்யாதீர்கள்.

இன்னொன்று: விண்டோஸ் 11-இன் 24ஹெச்2 பதிப்பிலிருந்து செயலியில் எஸ்எஸ்இ4.2, பாப்கவுன்ட் என்னும் கட்டளைகள் இல்லாவிட்டால் விண்டோஸ் தொடங்கவே தொடங்காது. கோர் 2 டுயோ கணினிகளுக்கு எந்தக் குறுக்கு வழியும் கிடையாது.

கேள்வி: கையில் இருப்பதை வைத்து ஒன்றுதான் மாற்ற முடியும். ராமா, எஸ்எஸ்டியா?

பதில்: இப்போது 4 ஜிபி ராம் இருந்தால் எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சில்லில் சேமிக்கும் டிஸ்க்). 2 ஜிபிதான் இருந்தால் முதலில் ராம்.

காரணம் எளிது. சுழலும் ஹார்ட் டிஸ்க் பெரிய கோப்பு ஒன்றை வரிசையாகப் படிக்கும்போது விநாடிக்கு 100 எம்பி வரை தரும். ஆனால் கணினி தொடங்கும்போதும் பிரவுசர் திறக்கும்போதும் ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளை அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தேடிப் படிக்க வேண்டும். அந்த வேலையில் அது விநாடிக்கு 1 எம்பி கூடத் தாண்டாது. ஹார்ட் டிஸ்க் செருகும் அதே சாட்டா இணைப்பில் செருகும் சாதாரண எஸ்எஸ்டி அதையே பல மடங்கு வேகத்தில் முடிக்கும். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100% என்று நின்று, செயலி 10 சதவீதத்தில் சும்மா இருந்தால் நோய் இதுதான்.

வாங்கும்போது 2.5 அங்குல, 7 மி.மீ. தடிமன் சாட்டா வகையைக் கேளுங்கள். பழைய மடிக்கணினிகளின் டிஸ்க் 9.5 மி.மீ. இருக்கும், இடைவெளியில் ஆடாமல் இருக்க 2.5 மி.மீ. பிளாஸ்டிக் சட்டம் ஒன்று சில பெட்டிகளுடன் வரும், வராவிட்டால் தடித்த அட்டை போதும். அட்டை வடிவ எஸ்எஸ்டிக்கான எம்.2 துளை இருக்கிறதே என்று என்விஎம்இ என்னும் அதிவேக வகையை வாங்கிவிடாதீர்கள்: அந்தக் காலத்து எம்.2 துளைகள் பல சாட்டா வகையை மட்டுமே ஏற்கும். அட்டை உள்ளே பொருந்தும், கணினிக்குத் தெரியாது. தயாரிப்பாளரின் கையேட்டைப் பார்த்த பிறகே வாங்குங்கள்.

ராமில் தவறு நடப்பது மின்னழுத்தத்தில். மடிக்கணினிக்கான டிடிஆர்3 என்னும் ராம் வகையில் 1.5 வோல்ட், 1.35 வோல்ட் என இரண்டு உண்டு; பின்னதற்கு டிடிஆர்3எல் என்று பெயர். இரண்டுக்கும் 204 ஊசிகளே என்பதால் கண்ணால் வேறுபாடு தெரியாது. எல் வகை பழைய துளையில் பொதுவாக ஓடும். 1.35 வோல்ட்டுக்கென்றே செய்த பலகையில் (மதர்போர்டு) 1.5 வோல்ட் அட்டையைச் செருகினால் கணினி தொடங்காது. ஆறாம் தலைமுறையில் சில கணினிகளில் டிடிஆர்3எல், சிலவற்றில் 260 ஊசி டிடிஆர்4. வன்பொருள் விவரம் காட்டும் சிபியு-இசட் மென்பொருளில் எஸ்பிடி பக்கத்தைத் திறந்தால் எந்தத் துளையில் எது இருக்கிறது என்று தெரிந்துவிடும். மாற்றும்போது மின்கம்பியையும் பேட்டரியையும் கழற்றிவிட்டு, அட்டையைச் சாய்வாக முழுவதும் உள்ளே தள்ளிய பிறகே கீழே அழுத்துங்கள். இரு பக்கக் கொக்கிகளும் சொடுக்க வேண்டும். பிறகு மெம்டெஸ்ட்86+ என்னும் ராம் சோதனை மென்பொருள் ஒரு முழுச் சுற்று ஓடட்டும். ஒரே ஒரு பிழை காட்டினாலும் அட்டையைத் திருப்பிக் கொடுங்கள்.

பழைய டிஸ்க்கைப் பிரதியெடுக்கும் முன் அது தன் நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் அறிக்கையைப் பாருங்கள். பழுதான இடங்களைக் குறிக்கும் 5, 197 ஆகிய எண்களுக்கு நேரே மூல மதிப்பு பூஜ்யமாக இல்லையென்றால் முதலில் உங்கள் கோப்புகளை வேறிடத்துக்கு நகலெடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். தடுமாறும் டிஸ்க்கை மணிக்கணக்கில் குளோன் செய்ய வைத்தால் நடுவிலேயே நின்றுவிடும் அபாயம் உண்டு.

கேள்வி: விண்டோஸை அழிக்காமல் பக்கத்தில் லினக்ஸ் மின்ட் நிறுவ வேண்டும். எதில் தவறு நேரும்?

பதில்: பெரும்பாலும் நிறுவுவதற்கு முன்பே நேர்ந்துவிடுகிறது. ஐந்து முன்னேற்பாடுகளைச் செய்துவிட்டால் நிறுவல் அரைமணி நேர வேலை.

கோப்புகளை வெளி டிஸ்க்கில் நகலெடுத்து, அதிலிருந்து இரண்டு மூன்றைத் திறந்து பாருங்கள். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்க்ரிப்ஷன் இயங்குகிறதா என்று பார்த்து, 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வையுங்கள். பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புப் பக்கம்) எதை மாற்றினாலும் விண்டோஸ் அந்தச் சாவியைக் கேட்கலாம். பவர் ஆப்ஷன்ஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணையுங்கள். அது இயங்கினால் ‘ஷட் டவுன்’ செய்தாலும் விண்டோஸ் அரைத்தூக்கத்தில்தான் இருக்கும். அந்தப் பகுதியை லினக்ஸ் படிக்க மட்டும் விடும், எழுத விடாது. நான்காவது, விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே சி டிரைவைச் சுருக்கி 40 ஜிபியாவது காலியிடம் விடுங்கள். சுருக்குவதை விண்டோஸிடமே விடுவதுதான் பத்திரம்.

ஐந்தாவது, இறக்கிய மின்ட் நிறுவல் கோப்பான ஐஎஸ்ஓவைச் சரிபார்ப்பது. பலரும் இதைத் தாண்டிப் போகிறார்கள். 7-ஜிப் மென்பொருள் இருந்தால் கோப்பின்மேல் வலது கிளிக்கில், கோப்பின் கைரேகை போன்ற எஸ்ஹெச்ஏ-256 எண் கிடைக்கும். 64 எழுத்துகளும் மின்ட் தளத்தில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். பாதியில் அறுந்த பதிவிறக்கத்தால் நிறுவல் இடையில் நிற்கும்போது நாம் வீணாகக் கணினியைச் சந்தேகிப்போம்.

பிறகு அந்த ஐஎஸ்ஓவை 8 ஜிபி யுஎஸ்பியில் எழுதி, தொடக்கப் பட்டியலைத் திறக்கும் விசையை அழுத்துங்கள். டெல், லெனோவா என்றால் எஃப்12, ஹெச்பி என்றால் எஃப்9, ஆசுஸ் என்றால் எஸ்கேப். பட்டியலில் யுஎஸ்பி இருமுறை தெரிந்தால் யுஇஎஃப்ஐ என்று முன்னால் போட்டதைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் எந்த முறையில் நிறுவப்பட்டதோ அதே முறையில் தொடங்காவிட்டால் ‘விண்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவு’ என்ற வாய்ப்பே தெரியாமல் போகலாம். உடனே நிறுவிவிடாமல் யுஎஸ்பியிலிருந்தே ஓட விட்டு வைஃபை, ஒலி, கேமரா, மூடியை மூடித் தூங்க வைப்பது எல்லாம் நடக்கிறதா என்று பாருங்கள். பிராட்காம் நிறுவனத்தின் வைஃபை சில்லு உள்ள கணினிகளில் இயக்கி (டிரைவர்) தனியாக வேண்டியிருக்கும். அப்போது கைபேசியை யுஎஸ்பி கம்பியில் இணைத்து இணையம் கொடுத்தால் டிரைவர் மேனேஜர் அதை இறக்கிக்கொள்ளும்.

நிறுவிக்கு டிஸ்க்கே தெரியவில்லை என்றால் பயாஸில் டிஸ்க்கோடு பேசும் சாட்டா முறை ரெய்டு அல்லது இன்டெல் ஆர்எஸ்டி என்று இருக்கும். அதை ஏஹெச்சிஐ என்னும் பொதுவான முறைக்கு மாற்ற வேண்டும். நேரடியாக மாற்றினால் விண்டோஸ் நீலத் திரையில் விழும். முதலில் விண்டோஸின் எம்எஸ்கான்ஃபிக் கருவியில் சேஃப் பூட் குறித்துவிட்டு மறுதொடக்கம் செய்து, பயாஸில் ஏஹெச்சிஐ ஆக்கி, விண்டோஸை ஒருமுறை சேஃப் மோடில் எழுப்புங்கள். பிறகு அந்தக் குறியை எடுத்துவிட்டால் சரியாகிவிடும்.

கேள்வி: இரண்டும் நிறுவிய பிறகு ஒவ்வொரு முறை மாறும்போதும் கடிகாரம் தவறாகக் காட்டுகிறது.

பதில்: பலகையில் உள்ள கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் லினக்ஸ் உலகப் பொது நேரமாகவும் எடுத்துக்கொள்கின்றன. லினக்ஸின் டைம்டேட்சிடிஎல் கட்டளையில் லோக்கல்-ஆர்டிசி மதிப்பை 1 ஆக்கினால் தீர்ந்தது. ஆனால் ஒரே இயங்குதளம் இருந்தும் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய், இணையதளங்களெல்லாம் சான்றிதழ் பிழை காட்டினால் பலகையில் உள்ள பொத்தான் பேட்டரிதான் காரணம். மேசைக் கணினிகளில் பெரும்பாலும் சிஆர்2032, 3 வோல்ட்.

கேள்வி: 2008-இன் நெட்புக், ஆட்டம் என்270, 1 ஜிபி ராம். எதையாவது போட முடியுமா?

பதில்: அது 32-பிட் செயலி, 2 ஜிபிக்கு மேல் ராம் ஏற்காது. டெபியன் என்னும் லினக்ஸ் வகையில் 32-பிட் நிறுவியோடு வந்த கடைசி, 12-ஆம் பதிப்புதான்; அதற்கு 2028 ஜூன் வரை நீண்டகால ஆதரவு உண்டு. ஆன்டிஎக்ஸ் என்னும் லினக்ஸ் வகை இன்னும் இலகுவாக ஓடும். ஆனால் இணையத்துக்கு இதை நம்பாதீர்கள்: ஃபயர்ஃபாக்ஸ் 145-ஆம் பதிப்பிலிருந்து 32-பிட் லினக்ஸுக்கு வருவதில்லை. கவனம் சிதறாமல் எழுத, பாட்டுக் கேட்க, பழைய ஸ்கேனரை ஓட்ட நல்ல கருவி.

கேள்வி: யூடியூப் திணறுகிறது, விசிறி இரைகிறது. மற்ற வேலையெல்லாம் நன்றாகவே நடக்கிறது.

பதில்: காணொளியின் மேல் வலது கிளிக் செய்து ‘ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்’ திறந்து கோடெக் (காணொளியைச் சுருக்கிய முறை) வரியைப் பாருங்கள். விபி9 அல்லது ஏவி1 என்று இருக்கும். இன்டெல்லில் விபி9-ஐ வன்பொருளிலேயே முழுமையாகப் பிரிக்கும் திறன் ஏழாம் தலைமுறையில்தான் வந்தது, ஏவி1-க்கு பதினொன்றாம் தலைமுறையில். அதற்கு முந்தியவற்றில் முழுச் சுமையும் செயலியின் தலையில் விழுகிறது. பிரவுசரில் ஹெச்264இஃபை என்னும் நீட்சியைப் போட்டால் யூடியூப் ஹெச்.264 வடிவில் அனுப்பும். அதைப் பழைய சில்லுகளும் சுலபமாகப் பிரிக்கும். 1080பிக்கு மேல் தரம் கிடைக்காது என்பது ஒன்றுதான் இழப்பு; பழைய திரைகளுக்கு அது பொருட்டில்லை.

கேள்வி: லினக்ஸில் தமிழ்99 உண்டா? பாமினியில் தட்டிய பழைய கோப்புகள் நிறைய இருக்கின்றன.

பதில்: உண்டு. ஐபஸ் என்னும் தட்டச்சு மென்பொருளுடன் எம்17என் என்னும் விசைப்பலகைத் தொகுப்பை நிறுவி, வெளியேறி உள்நுழைந்தால் தமிழ்99, ஒலிபெயர்ப்பு, தட்டச்சு முறை எல்லாம் பட்டியலில் வரும்.

பாமினிக் கோப்புகளை எந்த இயங்குதளத்தில் இருந்தாலும் இப்போதே யூனிகோடுக்கு மாற்றத் தொடங்குங்கள். பாமினியில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருப்பதால் எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும், தேடவும் முடியாது. முழு ஆவணத்தையும் யூனிகோடு மாற்றியில் ஒட்டிவிடாதீர்கள். இடையில் உள்ள உண்மையான ஆங்கிலச் சொற்களையும் அது தமிழாக்கிக் குழப்பிவிடும். லிப்ரேஆஃபிஸின் தேடலில் எழுத்துருவை பாமினி என்று கொடுத்து, அந்தப் பகுதிகளை மட்டும் எடுத்து மாற்றுங்கள். முடிந்ததும் கொம்பு வரும் சொற்களைச் சரிபாருங்கள். பாமினியில் கொம்பை எழுத்துக்கு முன்னால் தட்டியிருப்போம், யூனிகோடில் அது பின்னால் சேமிக்கப்படும். மாற்றிகள் தடுமாறும் இடம் பெரும்பாலும் அதுதான். மூலக் கோப்புகளையும் பாமினி எழுத்துருவையும் அழிக்க வேண்டாம்.

கேள்வி: பென்டியம் 4 மேசைக் கணினியை இரவும் பகலும் ஓடும் கோப்புச் சேமிப்பகமாக வைக்கலாமா?

பதில்: இதற்கு மட்டும் வேண்டாம் என்றே சொல்வோம். மொத்தக் கணினியும் 100 வாட் இழுத்தால் நாளைக்கு 2.4 யூனிட், ஆண்டுக்கு 876 யூனிட். அதே வேலையை 10 வாட்டில் செய்யும் பழைய மடிக்கணினிக்கு ஆண்டுக்கு 88 யூனிட்கூட ஆகாது. அந்தக் காலப் பலகைகள் பலவற்றில் மின்தேக்கிகள் தலை உப்பிப் போயிருக்கும். உப்பியிருந்தால் மின்சாரமே கொடுக்காதீர்கள். டிஸ்க்கைக் கழற்றி யுஎஸ்பி மாற்றியில் செருகித் தரவை எடுங்கள். சாட்டாவா, அகலப் பட்டைக் கம்பி ஐடிஇயா என்று பார்த்து மாற்றியை வாங்க வேண்டும். எடுத்து முடித்து நகலைச் சரிபார்த்த பிறகு, டிஸ்க் முழுவதும் ஒருமுறை பூஜ்யங்களை எழுதிவிட்டு மின்கழிவு சேகரிப்பவர்களிடம் ஒப்படையுங்கள்.