ஃபேன் இரைகிறது, ரேம் போடலாமா?

கேள்வி: இலவசப் படத் தளம் ஒன்றைத் திறந்தாலே மகளின் லேப்டாப் ஃபேன் பக்கத்து அறை வரை கேட்கிறது. கடையில் 8 ஜிபி ரேம் போடச் சொல்கிறார்கள், 2,800 ரூபாய். போடலாமா?
- வாசகி, கோத்தகிரி

பதில்: இப்போது வேண்டாம் அம்மா. கோத்தகிரிக் குளிரில் சும்மா இருக்கும் லேப்டாப்பின் ஃபேன் சத்தமே போடக் கூடாது. ஒரு தளத்தைத் திறந்ததும் இரைந்து, மூடியதும் அடங்கினால் அந்தப் பக்கம் புராசசரை வேலை வாங்குகிறது. கனமான விளம்பரமாக இருக்கலாம், மறைவாக நடக்கும் கிரிப்டோ மைனிங்காகவும் இருக்கலாம், அதாவது உங்கள் கணினியின் உழைப்பில் வேறொருவர் டிஜிட்டல் நாணயம் சம்பாதிப்பது. இப்படித் திருட்டுத்தனமாக மைன் செய்பவர்கள் பெரும்பாலும் மொனீரோ நாணயத்தைத்தான் எடுக்கிறார்கள், ஏனென்றால் அதற்குத் தனி இயந்திரம் தேவையில்லை, சாதாரண புராசசரே போதும். வலைப்பக்கத்துக்குள் ஒளிந்து மைன் செய்யும் ஸ்கிரிப்டை, அதாவது குட்டி நிரலை, காயின்ஹைவ் என்ற சேவை 2017 செப்டம்பரில் பரப்பியது. 2019 மார்ச்சில் அது கடையை மூடியது, ஆனால் முறை மறையவில்லை.

தளம் திறந்திருக்கும்போதே கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். அதில் சிபியூ (புராசசர்தான்) என்ற பத்தியின் தலைப்பைச் சொடுக்கினால் அதிகம் தின்பது மேலே வந்துவிடும். அது குரோம் என்றால், குரோமுக்குள் போய் ஷிப்ட், எஸ்கேப் அழுத்துங்கள். எந்த டேப், எந்த எக்ஸ்டென்ஷன் (பிரவுசரில் சேர்க்கும் துணை நிரல்) எவ்வளவு தின்கிறது என்று பெயரோடு காட்டும். அங்கே எண் நூறைத் தாண்டினால் பயப்பட வேண்டாம், புராசசருக்குள் இருக்கும் ஒவ்வொரு கோருக்கும் நூறு என்ற கணக்கு அது. வீடியோ ஓடும்போது எண் ஏறுவது இயல்பு. வீடியோவை நிறுத்திய பிறகும் அசையாத பக்கம் ஒன்று விடாமல் புராசசரைத் தின்றால்தான் சந்தேகம். அதைத் தேர்ந்தெடுத்து "எண்ட் பிராசஸ்" கொடுங்கள்.

டேப்பை மூடியும் இரைச்சல் நிற்கவில்லையா? கீழே கடிகாரம் இருக்கும் பட்டைக்குப் பின்னால் ஒரு குட்டி ஜன்னலை ஒளித்துவைக்கும் தந்திரம் 2017லேயே பிடிபட்டது. டாஸ்க்பாரில் குரோம் ஐகான் இன்னும் திறந்திருப்பதாகக் காட்டும். அதன் மேல் வலது பக்கம் சொடுக்கி மூடிவிடுங்கள்.

தடுப்புக்குச் செலவு கிடையாது. ஃபயர்பாக்ஸ், தெரிந்த மைனிங் ஸ்கிரிப்டுகளை 2019 முதல் தானாகவே தடுக்கிறது. குரோமில் அப்படி இல்லை, யூபிளாக் ஆரிஜின் லைட் என்ற இலவச எக்ஸ்டென்ஷனைப் போட்டுக்கொள்ளுங்கள். பழைய யூபிளாக் ஆரிஜின் இப்போது குரோமில் ஓடாது. அந்தப் பெயரைச் சொல்லி வேறு எதையாவது தலையில் கட்டினால் வாங்காதீர்கள்.

அதே டாஸ்க் மேனேஜரில் மெமரி பத்தி எப்போதும் 85, 90 சதவீதத்தில் நின்றால் மட்டும் ரேம் போடுங்கள். சிபியூ குறைவாக இருந்தும் ஃபேன் இரைந்தால் தூசியும் காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டும் காரணமாக இருக்கலாம். அதற்குக் கேட்க வேண்டியது சர்வீஸ், ரேம் அல்ல.

கேள்வி: டேட்டா கூடுதலாகத் தீரவில்லை. அப்படியானால் மைனிங் நடக்கவில்லை என்றுதானே அர்த்தம்?
- குன்னூர்

பதில்: இல்லை. மைனிங்குக்கு மிகக் குறைந்த டேட்டாவே போதும், தின்பது புராசசரையும் கரண்டையும். கூடுதலாக 40 வாட் இழுத்துத் தினம் 8 மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லில் 19 யூனிட் ஏறும்.

கேள்வி: "மைனிங் பாதுகாப்பு" உள்ள ஆன்டிவைரஸ், வருடம் 1,499 ரூபாய். வாங்கட்டுமா?
- குன்னூர்

பதில்: வேண்டாம். இதே மாதிரி ஒன்றுக்கு நானும் ஒரு வருட சந்தா கட்டியிருக்கிறேன். மேலே சொன்ன இலவச எக்ஸ்டென்ஷன் தடுத்ததற்கு மேல் அது ஒன்றையும் தடுக்கவில்லை.

கேள்வி: கோயம்புத்தூர் கடையில் பழைய லேப்டாப் வாங்கினேன். விண்டோஸ், ஆபீஸ் எல்லாம் "ஃப்ரீயாகப் போட்டு" தந்தார்கள். இரவில் சும்மா வைத்தாலும் சுடுகிறது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் உடனே அடங்கிவிடுகிறது. எந்தத் தளத்தைத் தடுப்பது?
- கூடலூர்

பதில்: எந்தத் தளத்தையும் அல்ல. டாஸ்க் மேனேஜர் திறந்ததும் பதுங்குவது கணினிக்குள்ளேயே குடியேறிய மைனரின், அதாவது மைனிங் மென்பொருளின், அடையாளம். வலைப்பக்கத்தில் ஓடும் ஸ்கிரிப்டுக்கு டாஸ்க் மேனேஜர் திறந்தது தெரியாது.

உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள், இதைச் சொல்லும்போதே எனக்குக் கோபம் வருகிறது. லைசென்ஸ் இல்லாத, கிராக் செய்த விண்டோஸை ஆக்டிவேட் செய்யும் கருவியை, விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் தடுக்கும். அதனால் போட்டுத் தருபவர் முதலில் டிஃபெண்டரை அணைக்கிறார், அல்லது ஒரு ஃபோல்டரை "இதைப் பார்க்காதே" என்று ஒதுக்கிவைக்கிறார். அந்தக் கருவியோடு மைனரும் வந்து அதே ஃபோல்டரில் உட்கார்ந்துகொள்கிறது. வீட்டுக்குப் பூட்டுப் போடக் கூலி வாங்கிக்கொண்டு சாவியைத் திருடனிடம் கொடுக்கும் வேலை இது. வாங்குபவர் கையில் ரசீதும் இல்லை, லைசென்ஸும் இல்லை. "எல்லாரும் இப்படித்தான் சார் போடுறாங்க" என்ற பதிலை ஏற்காதீர்கள்.

நீங்களே பார்க்கலாம். விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் பாதுகாப்பு, மேனேஜ் செட்டிங்ஸ், கடைசியில் எக்ஸ்க்ளூஷன்ஸ், அதாவது ஒதுக்கிவைத்தவற்றின் பட்டியல். சி டிரைவோ, நீங்கள் சேர்க்காத ஃபோல்டரோ அங்கே இருந்தால் படம் எடுத்துவையுங்கள், அதுதான் சாட்சி. அதை அழித்தால் மட்டும் போதாது. ஆவணங்களையும் படங்களையும் மட்டும் காப்பி எடுத்து, 8 ஜிபி பென் டிரைவில் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூலால் விண்டோஸைப் புதிதாக ஏற்றுங்கள். பென் டிரைவை வேறொரு சுத்தமான கணினியில் தயார் செய்வது முக்கியம். லேப்டாப் விண்டோஸ் 10 அல்லது 11ஓடு விற்பனைக்கு வந்த மாடல் என்றால், அதே எடிஷனை ஏற்றினால் லைசென்ஸ் பெரும்பாலும் தானாகவே திரும்பும். வங்கி, மெயில் பாஸ்வேர்டுகளை வேறு கருவியிலிருந்து மாற்றுங்கள். இப்படி நுழைபவை பாஸ்வேர்டையும் எடுத்துப் போவதுண்டு.

முதலில் கடைக்கு எழுத்தில் கேளுங்கள். மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல் என்றால் நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி கடை கோவையில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் நீலகிரி மாவட்ட ஆணையத்திலேயே புகார் தரலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. கெடு இரண்டு வருடம். ரசீது இல்லையென்றால் ஜிபே பதிவும் வாட்ஸ்அப் பேச்சும் உதவும், அழித்துவிடாதீர்கள்.

கேள்வி: எங்கள் ஹோம்ஸ்டே வைஃபையில் இணைந்தால் மட்டும் லேப்டாப் சூடாகிறது என்கிறார் ஒரு விருந்தினர். நடக்கக்கூடியதா?
- கொடைக்கானல்

பதில்: நடக்கும். 2018ல் மைக்ரோடிக் நிறுவன ரவுட்டர்களின் பாதுகாப்பு ஓட்டை வழியாக, அதில் போகும் பக்கங்களுக்குள் மைனிங் ஸ்கிரிப்டைச் சொருகினார்கள். பூட்டு அடையாளம் இல்லாத பழைய எச்டிடிபி பக்கங்களில்தான் இது செல்லும். ஒரே பக்கத்தை உங்கள் வைஃபையிலும் மொபைல் ஹாட்ஸ்பாட்டிலும் திறந்து சிபியூவை ஒப்பிடுங்கள். வித்தியாசம் தெரிந்தால் ரவுட்டரை ரீசெட் செய்து, ஃபர்ம்வேரை (ரவுட்டருக்குள் ஓடும் மென்பொருள்) புதுப்பித்து, அட்மின் பாஸ்வேர்டை மாற்றி, வெளியிலிருந்து ரவுட்டரை இயக்க விடும் ரிமோட் மேனேஜ்மென்டை அணையுங்கள். அட்மின் பாஸ்வேர்டும் விருந்தினருக்குத் தரும் வைஃபை பாஸ்வேர்டும் ஒன்றாக இருக்கவே கூடாது.

கேள்வி: படம் இறக்கும் எக்ஸ்டென்ஷனை நீக்கினேன், சரியானது. படம் பார்க்க வேண்டியிருந்ததால் மறுபடி போட்டேன். மறுபடி சூடாகிறது. என்ன செய்ய?
- ஊட்டி

பதில்: நீக்குங்கள். மறுபடி போடாதீர்கள்.