மலத்தில் புரதம் பார்ப்பது எதற்கு?

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. நான்கு மாதமாக வயிற்றுவலி, அடிக்கடி பேதி, 2 கிலோ எடையும் குறைந்துவிட்டது. டாக்டர் மலத்தில் ‘கால்புரொடெக்டின்’ பார்க்கச் சொல்கிறார். நேராக கொலோனாஸ்கோபி (கேமரா குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது) செய்தால் என்ன?
- வாசகி, பெரம்பூர், சென்னை

பதில்: முதலில் அந்த டெஸ்ட்டையே எடுங்கள் அம்மா. கால்புரொடெக்டின் என்பது வெள்ளை அணுக்களில் இருக்கும் ஒரு புரதம். குடல் சுவரில் அழற்சி இருந்தால் அந்த அணுக்கள் அங்கே திரண்டு வந்து, புரதம் மலத்தோடு வெளியேறும். கொலோனாஸ்கோபிக்குக் குழந்தையைப் பட்டினி போட்டு, பேதி மருந்து கொடுத்து, மயக்கமும் தர வேண்டும். இந்த மல டெஸ்ட்டுக்கோ டப்பாவின் மூடியிலேயே இருக்கும் குட்டிக் கரண்டியால் கொஞ்சம் எடுத்தால் போதும், டாய்லெட் தண்ணீரோ சிறுநீரோ மட்டும் கலக்கக் கூடாது.

உங்கள் மகன் வயதில் கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குள் இருந்தால் பொதுவாக நார்மல். கைக்குழந்தைகளுக்கு இயல்பாகவே கூடுதலாக இருக்கும். பல நூறைத் தாண்டினால் கிரோன் நோய், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் போன்ற நாள்பட்ட குடல் அழற்சி நோய்களைச் சந்தேகிக்க வேண்டும், அப்போது கொலோனாஸ்கோபியும் திசுப் பரிசோதனையும்தான் உறுதி செய்யும். ஆனால் சாதாரணக் குடல் தொற்றிலும், ஐபுப்ரோஃபென் என்ற வலி மாத்திரையாலும் இந்த அளவு ஏறும், அதனால் சமீபத்தில் கொடுத்த மருந்தையெல்லாம் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

அளவு நார்மலாக வந்தாலும் எடை குறைந்த காரணத்தைக் கண்டுபிடிக்காமல் விடாதீர்கள்; கோதுமை ஒவ்வாத சீலியாக் நோயை இது காட்டாது, அதற்கு ரத்தப் பரிசோதனை தனி. மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ, வலியால் நடுராத்திரியில் எழுந்து அழுதாலோ ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் உடனே கூட்டிப்போங்கள்.