குழுவாக ஆடும் ஸ்ட்ராட்டஜி கேம்களில் கூட்டாளிகளோடு ஒத்துப்போய் ஆட எந்த விட்ஜெட், ஆட்-ஆன் உண்மையிலேயே உதவும்?

எங்கள் செட்டில் ராத்திரி யாரும் மைக் போடுவதில்லை. நான் காரைக்குடி. வளவில் உட்கார்ந்து பேசினால் முகப்பிலிருந்து இரண்டாங்கட்டு வரை கேட்கும், அப்பத்தா எழுந்துவிடுவார்கள். இன்னொருத்தன் தேவகோட்டை, அவன் அண்ணன் படுத்திருக்கும் அறையில்தான் கம்ப்யூட்டர். அயித்தான் சிங்கப்பூர். நமக்கு ஒன்பதரை என்றால் அவருக்கு நள்ளிரவு. வாயைத் திறக்காமல் ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் என்பதால் விட்ஜெட் (கேமோடு சேர்ந்து ஓடும் குட்டி நிரல்) சமாச்சாரத்தை நன்றாகவே நோண்டியிருக்கிறேன்.

நாங்கள் ஆடுவது பியாண்ட் ஆல் ரீசன். 1997ல் வந்த டோட்டல் அனிஹிலேஷன் வழியில் வந்த இலவச, திறந்த மூல கேம். எட்டுப் பேருக்கு எட்டுப் பேர் மோதும் ஆட்டம்தான் அதில் பிரபலம். திரையில் தெரியும் பெரும்பாலானவை லுவா என்ற நிரல் மொழியில் எழுதிய விட்ஜெட்கள். எஃப்11 அழுத்தினால் முழுப் பட்டியலும் வரும், வேண்டியதைப் போடலாம், வேண்டாததை அணைக்கலாம்.

ஒரு விட்ஜெட் தேறுமா தேறாதா என்று பார்க்க நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: இது வந்த பிறகு சாட்டில் எந்தக் கேள்வி நின்றுபோனது? ஒன்றும் நிற்கவில்லை என்றால் அது அலங்காரம்.

அந்தக் கணக்கில் முதல் இடம் கூட்டாளிகளின் மவுஸ் கர்சரைக் காட்டும் விட்ஜெட்டுக்கு. நிறையப் பேர் 'திரையில் ஈ மொய்க்குது' என்று அணைத்துவிடுகிறார்கள். அணைக்காதீர்கள். தேவகோட்டைக்காரனின் கர்சர் அவன் நிறத்தில் என் இடப்பக்க மேட்டின் மேல் நின்றால், அங்கே ரேடாரில் விழுந்த புள்ளிகளை அவன் பார்த்துவிட்டான் என்று அர்த்தம். நான் வலப்பக்கம் பார்க்கப் போய்விடலாம். கர்சர் ஒரே இடத்தில் வட்டமடித்தால் 'இங்க பாருடா'. கூடவே, கூட்டாளி எந்தப் படையைத் தேர்ந்தெடுத்திருக்கிறான் என்று காட்டும் விட்ஜெட்டும், அவன் கொடுக்கும் கட்டளைகளைக் கோடாகக் காட்டும் விட்ஜெட்டும் இருக்கின்றன. அவன் பீரங்கிகளைச் சுற்றி அவன் நிறம் ஒளிர்ந்து, கோடு பாலத்தை நோக்கி நீண்டால், அவை நகர்வதற்கு முன்பே என் டாங்கிகளை முன்னால் அனுப்பிவிடுவேன். 'போறியா? போறேன். இரு, நானும் வரேன்' என்ற பேச்சு முழுசாக மிச்சம்.

இரண்டாவது, ஓரத்தில் இருக்கும் ஆட்டக்காரர் பட்டியல். ஒவ்வொரு கூட்டாளியின் மெட்டல், எனர்ஜி (எதைக் கட்டவும் தேவைப்படும் இரண்டு வளங்கள்) எவ்வளவு என்று அதில் சின்னப் பட்டையாகத் தெரியும். பந்தியில் பரிமாறுகிறவர் இலையைப் பார்த்துத்தான் வாளியோடு வருவார். ஆளாளுக்கு 'வேணுமா, வேணுமா' என்று கேட்டுக்கொண்டிருந்தால் பந்தி நகராது. இங்கேயும் அதேதான். எனர்ஜி வற்றினால் கட்டுமானம் நத்தையாகும், ரேடார் அணையும், எனர்ஜியில் சுடும் ஆயுதங்கள் சும்மா நிற்கும். முன்வரிசையில் இருப்பவனுக்கு அதைக் கவனிக்க நேரம் இருக்காது. பின்னால் பொருளாதாரம் பார்க்கும் அயித்தான் பட்டையைப் பார்த்து, அவன் பெயருக்குப் பக்கத்துச் சின்னத்தைப் பிடித்து இழுத்து அனுப்பிவிடுவார். மேலே இருக்கும் பகிர்வு ஸ்லைடரையும் ஒரு தடவை கவனியுங்கள்: உங்கள் சேமிப்பு அந்தக் கோட்டைத் தாண்டினால் மிச்சம் தானாகக் கூட்டாளிக்குப் போகும். அதே பட்டியலில் யார் இணைப்பு அறுந்தது என்றும் தெரியும். எங்கள் ஊரில் கரண்ட் போனால் டேக் (take) கட்டளை கொடுத்து என் படையை வேறு யாராவது எடுத்துக்கொள்வார்கள்.

மூன்றாவதற்கு ஆட்-ஆனே தேவையில்லை, எஞ்சினிலேயே இருக்கிறது. கீபோர்டில் 1க்கு இடப்பக்கம் இருக்கும் கீயைப் பிடித்துக்கொண்டு இரட்டை கிளிக் செய்தால் வரைபடத்தில் எழுத்தோடு குறி விழும். இழுத்தால் கோடு வரும். வலது பட்டனால் அழிக்கலாம். ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே யார் எல்லை எதுவரை என்று கோடு போட்டுக்கொள்ளுங்கள். 'ஹெல்ப்' என்று மட்டும் எழுதாதீர்கள், யாருக்கும் அதில் ஒன்றும் புரியாது. 'ஆன்ட்டி ஏர் 2 வேணும்' என்றால் ஆள் வருவான்.

சொந்தமாக எழுத நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம். விட்ஜெட்டிலிருந்து கூட்டாளிக்குச் சேதி போக இரண்டு வழி உண்டு. வரைபடக் குறி போட்டால் அது எல்லாக் கூட்டாளிகளுக்கும் தெரியும், அவர்கள் எதையும் நிறுவ வேண்டாம். விட்ஜெட்டுக்குள் மட்டும் ஓடும் மறைச் சேதி என்றால், அதைப் படிக்கத் தெரிந்த விட்ஜெட் உங்கள் கூட்டாளியின் கணினியிலும் இருந்தாக வேண்டும். முன்பின் தெரியாதவர்களோடு ஆடுகிறீர்கள் என்றால் முதல் வழிதான் உருப்படி. எனர்ஜி பத்தில் ஒரு பங்குக்குக் கீழே சில நொடி நின்றால் என் தளத்தில் தானாகக் குறி போடும் ஒன்றை எழுதி வைத்திருக்கிறேன், சின்ன ஃபைல்தான். ஒரு குறிக்கும் அடுத்த குறிக்கும் நடுவே கட்டாயம் இடைவெளி வைத்து எழுதுங்கள். இல்லாவிட்டால் வரைபடம் முழுக்க உங்கள் புலம்பல்தான் இருக்கும், அப்புறம் உங்கள் குறியை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

படையைத் தானே நகர்த்தும், குண்டுக்குத் தப்பி ஓட வைக்கும் ரகங்கள் எனக்குப் பிடிக்காது. அது ஒருங்கிணைப்பு அல்ல, உங்களுக்குப் பதில் வேறொன்று ஆடுவது. வெளி விட்ஜெட்டுகளையே தடுக்கும் வசதியும் அறை திறப்பவருக்கு உண்டு, ஆடுமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 ஆடுகிறவர்களுக்கு இவ்வளவு சொகுசு இல்லை. அங்கே மோட் (கேமில் சேர்க்கும் மாற்றம்) என்றால் மரத்தைச் சின்னதாக்குவது, சின்னங்களை மாற்றுவது போன்றவைதான் பெரும்பாலும். ஆனால் 1999லிருந்தே இருக்கும் எண் கூவல்களை மறந்துவிடுகிறார்கள்: சாட்டில் 3 அடித்தால் உணவு, 4 மரம், 5 தங்கம், 6 கல் வேண்டும் என்று குரலே சொல்லும். கேட்டதை அனுப்புகிறவர் சந்தை கட்டியிருக்க வேண்டும், தொடக்கத்தில் அனுப்புவதற்கு 30 சதவீதம் கட்டணம் போகும். அதனால் வாங்குகிற பக்கம் கொஞ்சம் யோசித்துக் கேளுங்கள்.

புதிதாகத் தொடங்குகிறீர்கள் என்றால் கர்சர் விட்ஜெட்டை மட்டும் போட்டு ஒரு வாரம் ஆடுங்கள். மற்றதை எஃப்11ல் ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். ஏதாவது ஒன்று முரண்டு பிடித்தால் ஃபைலை அழிக்க வேண்டாம், அங்கேயே அணைத்தால் போதும்.