எல்லாப் பாட்டுக்கும் ஒரே ஹெட்போன் எது?

கர்நாடக இசை, பழைய திரைப்பாடல், ராப், மெட்டல் எல்லாம் கேட்பேன், எல்லாவற்றுக்கும் ஒத்துவரும் ஒரே ஹெட்போன் எது என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கம் அறை எடுத்துப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளை என்று நானாகவே நினைத்துக்கொள்கிறேன். அடுத்த கட்டிலில் ஒருவர் படுத்திருப்பார். கையில் இருக்கும் காசு ஒருமுறை வாங்கத்தான் காணும். அப்படியானால் நான் ஏமாந்த கதையை முதலில் கேளுங்கள்.

எங்கள் வீட்டில் ஒரு கசற் இருக்கிறது. கோயில் திருவிழா மேளக்கச்சேரி ஒன்றை அப்பா மடியில் றெக்கோடரை வைத்துப் பதிந்தது. தொண்ணூறுகளின் முற்பகுதியில், போர்க்காலத்தில், யாழ்ப்பாணத்தில் மின்சாரம் கிடையாது, பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவில் வயரைக் கொழுவி, நான் கையால் பெடலைச் சுற்றச் சுற்ற அப்பா கேட்பார். கை சோர்ந்தால் நாதஸ்வரத்தின் சுருதி இறங்கிவிடும். "சுற்றடா" என்பார். அந்த ஒரு மணித்தியாலமும் எனக்கு மனப்பாடம். தனித்தவில் உச்சத்துக்கு ஏறும் இடத்தில் யாரோ இரண்டு முறை இருமுவார்கள். உடனே தூரத்தில் ஒரு கைமணி கிணுங்கும்.

மூன்று வருடங்களுக்கு முன் நகரத்துக் கடையொன்றில் பதினெட்டாயிரம் ரூபாய் கொடுத்து ஒரு புளூடூத் ஹெட்போன் வாங்கினேன். கடைக்காரத் தம்பி தன் போனிலேயே ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினார். மண்டைக்குள் இடி இறங்கியது போல இருந்தது. "பேஸ் எப்படி அண்ணை?" என்றார். நானும் வாயைப் பிளந்துகொண்டு காசை எண்ணிக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து, கணினியில் ஏற்றி வைத்திருந்த அப்பாவின் பதிவைப் போட்டால் தவிலில் குச்சியால் அடிக்கும் தொப்பிப் பக்கம் மட்டும் பானைக்குள் அடிப்பது போல உருள்கிறது. வலப்பக்கமான வலந்தலையில் விரற்கூடு பட்டுத் தெறிக்கும் தாளச்சொல் மங்கிவிட்டது. இருமலையும் காணவில்லை, மணியையும் காணவில்லை. மறுநாள் கடைக்குக் கொண்டுபோனேன். பெட்டி உடைத்த பொருளைத் திருப்பி எடுக்கமாட்டார்களாம்.

பேஸ் என்னும் கீழ்ச்சுருதி பிடித்தவர்கள் உடனே சண்டைக்கு வரவேண்டாம். ராப் கேட்பவருக்கு அது வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் கீழ்ச்சுருதியை ஊதிப் பெருப்பித்த ஹெட்போன் ஒருவகைப் பாட்டுக்கு மட்டும் வாலாட்டும். குரல், நாதஸ்வரம், வீணை, மெட்டலின் கிட்டார் எல்லாம் பெரும்பாலும் குடியிருப்பது நடு அலைவரிசையில். அதை மறைக்காத, எந்தப் பக்கமும் சாயாத ஒன்றை எடுங்கள். பேஸ் குறைவாகப் பட்டால் போனின் ஈக்வலைசரில் கொஞ்சம் கூட்டலாம். என்னுடையதில் ஊதிப்போனதை வெட்டிச் சரிசெய்வது அத்தனை சுலபமாக இருக்கவில்லை. நான் ஒரு வாரம் மெனக்கெட்டுப் பார்த்தவன்.

இணையத்தில் எல்லாரும் திறந்த முதுகு ஹெட்போனைத்தான், அதாவது காது மூடியின் வெளிப்பக்கம் அடைக்காததைத்தான், புகழ்வார்கள். சென்ஹைசர் எச்டி 600 போன்றவை. 1997இல் வந்தது, இன்றும் விற்கிறது, பெயருக்குத் தகுந்த பொருள்தான். ஆனால் அதன் மின்மறிப்பு (இம்பீடன்ஸ்) 300 ஓம். நேரே போனில் கொழுவினால் பலருக்குச் சத்தம் போதாது, தனி அம்ப்ளிஃபையர் தேடவேண்டி வரும். அதோடு காற்றுப் போகும் வழியாகச் சத்தமும் போகும், வரும். உங்கள் மெட்டல் அடுத்த கட்டிலுக்கும் கேட்கும். உங்கள் மின்விசிறி பாட்டுக்குள் புகுந்து சுற்றும். மூடிய வகையில் 32 முதல் 80 ஓம் வரைக்குள், வயர் உள்ளதாகப் பாருங்கள். காது மூடியில் செயற்கைத் தோலைவிடத் துணியுறை நல்லது. சித்திரை வெயிலில் அரை மணித்தியாலம் போட்டிருந்தால் ஏன் என்று விளங்கும்.

நான் இப்போது வைத்திருப்பதன் பெயரைச் சொல்லமாட்டேன், விளம்பரக்காரன் என்பீர்கள்.

தவிலை வைத்து ஹெட்போனை அளப்பது கிழட்டுப் புத்தி என்று ஒருவர் எழுதத்தான் போகிறார். எழுதட்டும். யாழ்ப்பாணத்துத் தவில் மேதை தெட்சிணாமூர்த்தி 1975இல் மறைந்துவிட்டார். அவருக்குப் பின் பிறந்தவனுக்கு இரைச்சல் படிந்த பழைய பதிவுகளை விட்டால் அவர் கையைக் கேட்க வேறு வழி ஏது? நேரில் கேட்கலாம் என்றால் அதற்கும் இப்போது விடுகிறார்களா? அக்காவின் மகள் கல்யாணத்தில் தாலி கட்டும் நேரம், வீடியோ எடுக்க வந்தவர் தவில்காரரைத் தூணுக்குப் பின்னால் தள்ளி நிற்கச் சொன்னார். சட்டகத்துக்குள் தவில் தெரிகிறதாம்! கெட்டிமேளம் தூணுக்குப் பின்னாலிருந்து கேட்டது. சபையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை, நான் உட்பட. வீடியோவில் அந்த இடத்துக்கு ஏதோ பியானோவைப் போட்டுத் தந்தார்கள்.

சரி, கேள்விக்கு வருகிறேன். கடைக்குப் போகும்போது உங்களுக்கு அடி முதல் நுனி வரை தெரிந்த நாலு பதிவுகளைப் போனில் இறக்கிக்கொண்டு போங்கள். அதில் ஒன்றாவது மோசமாகப் பதிந்ததாக இருக்கட்டும். கடைக்காரர் போடும் பாட்டைக் கேட்காதீர்கள், அது அந்தப் பெட்டியை விற்பதற்கென்றே பொறுக்கி எடுத்தது. சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேளுங்கள்; கூட்டினால் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும்.

இரண்டாவது ஹெட்போனை நான் அப்படித்தான் வாங்கினேன். கடையில் ஆறாவதாக மாட்டியதில் இருமல் கேட்டது. மணி கேட்கும் வரை கழற்றாமல் நின்றேன். "அண்ணை, கடை பூட்டவேண்டும்" என்றார்கள்.